தாத்தாவின் புல்லட்டும் நாங்கள் தேய்த்த தேய்ப்பும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு தமிழாசிரியை கேட்டபோது, தோழியர் பலரும் சுற்றுலா சென்ற கதையையும் விளையாட்டு விழாவில் பரிசு பெற்ற கதையையும் எழுதப் போவதாகச் சொன்னார்கள். எங்களுக்கோ 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எந்த ஊருக்கும் போகும் வாய்ப்புக் கிட்டவில்லை. விடுமுறை முழுவதும் மாட்டுக் கொட்டகையில், கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக உட்கார்ந்திருந்தோம். ஆகவே அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம். "பெண்பிள்ளைகள் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுவதா?" என்று நகைக்கும் தோழியர், கடைசி வரை படித்துவிட்டு நகைக்குமாறு வேண்டுகிறோம்.

நாங்கள் என்றால் இருவர். ஒருத்தி பதினோராம் வகுப்பு, மற்றொருத்தி ஒன்பதாம் வகுப்பு, உடன்பிறந்தவர்கள். எங்கள் வீடு பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, இரண்டு மாடுகள், ஒரு புல்லட். ஆயா 2019இல் காலமாகிவிட்டார்கள்.

தாத்தா புதுச்சேரி ரோடியர் மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். பாகூரிலிருந்து மில்லுக்குப் போய்வர நாள்தோறும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது பஸ் கிடைக்காது. அதனால் 1979இல் கடன் வாங்கி, வேறொருவர் எட்டு ஆண்டுகள் ஓட்டிய ஒரு புல்லட்டை வாங்கினார். அன்று முதல் அது எங்கள் வீட்டில் ஒருவர் போலவே இருந்து வருகிறது.

புல்லட்டின் வரலாற்றை இங்கே சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்த வண்டி அது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்து நிறுவனத்தாரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. தாயகத்தில் நின்றுபோன வண்டி, நம் தமிழ் மண்ணில் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து உருவாயிற்று. தாத்தாவின் வண்டி 1971ஆம் ஆண்டுத் தயாரிப்பு; 346 சி.சி. எஞ்சின். வலக்காலால் கியர் போட வேண்டும். இடக்காலால் பிரேக் மிதிக்க வேண்டும். இக்காலத்து வண்டிகளில் இது தலைகீழாக இருக்கிறது.

முழங்கால் வலி வந்தபின் தாத்தா வண்டியை ஓட்டுவதை நிறுத்தினார். பிறகு கண் நீர் அழுத்த நோய் வந்து பார்வையும் மங்கிவிட்டது. இப்போது வெளிச்சம், நிழல் மட்டுமே அவருக்குத் தெரியும். வண்டி கொட்டகையின் மூலையில் சாக்குப் போர்த்தி நின்றது.

இந்நிலையில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை யாவரும் அறிவோம். அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து, பாகூர்ப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். புல்லட்டை அவிழ்த்துக்கொண்டு ஓட முடியுமா? சீட்டு வரையில் அது சேற்று நீரில் நின்றது.

நீர் வடிந்து பல வாரங்களுக்குப் பின் சாக்கை விலக்கிப் பார்த்தோம். எஞ்சின் முழுவதும் வண்டல் ஒட்டிக் காய்ந்திருந்தது. வண்டலைத் தட்டினால், அதன் அடியில் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி! அப்பா பெருமூச்சு விட்டார். "வித்துடலாம். நல்லா இருந்தாலாவது யாராச்சும் வச்சு ஓட்டுவாங்க. இப்ப எடைக்குத்தான் போவும்" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. எங்களுக்குத்தான் மனம் கேட்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடினோம். முடிவில் அப்பா ஒரு கெடு வைத்தார். வில்லியனூரில் உள்ள பழக்கமான மெக்கானிக் அண்ணன் எஞ்சினின் உள் வேலையைப் பார்ப்பார், வெளிப்புறத்தை நாங்கள் சரிசெய்ய வேண்டும், பள்ளி திறப்பதற்குள் வண்டி வண்டியாக நின்றால் வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும்.

மெக்கானிக் அண்ணன் முதல் நாள் எங்களுக்குப் பாடம் நடத்தினார். எஞ்சினின் நடுவில் கறுப்பாக நிற்கும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. அதன்மேல் வரிவரியாக இதழ் விரித்திருக்கும் ஹெட், அடியில் இருக்கும் கிராங்க் கேஸ், இரு பக்கத்து மூடிகள் ஆகியவை அலுமினியக் கலப்பு உலோகம். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும் என்பதால்தான் ஹெட்டை அதில் செய்தார்கள். "எல்லாத்தையும் ஒரே மாதிரி தேய்க்காதீங்க பாப்பா. கிராங்க் கேசும் ஹெட்டும் கம்பெனியில இருந்து வரும்போதே சொரசொரன்னுதான் வரும். மூடிங்களுக்குத்தான் பாலிஷ். மணல் அடிச்சு சுத்தம் பண்ணலாம்னு சில பேர் சொல்லுவாங்க, வேணாம். ஒரு துளி மணல் எண்ணெய் போற வழியில நுழைஞ்சாலும் எஞ்சின் போச்சு" என்றார்.

அன்றே மூடிகளைக் கழற்றித் தந்தார். இடப்பக்கத்து கிளட்ச் கவர் நீளமானது. எண்ணெயை வடித்து, கால்மிதியையும் பிரேக் மிதியையும் எடுத்தபின், நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் முழு மூடியும் கையோடு வந்துவிட்டது. வலப்பக்கத்தில் டைமிங் கவரும் கியர் பாக்ஸ் கவரும். பிறகு எஞ்சினைத் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

அலுமினியத்தைப் பற்றி எங்கள் வேதியியல் ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர்கள் சொன்னது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் தானே ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறதாம். அலுமினிய ஆக்ஸைடு என்னும் அந்தத் தோலின் தடிமன் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து இரும்பைத் தின்பதுபோல் இது உதிர்வதில்லை. ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. உப்பும் ஈரமான சேறும் நெடுநாள் படிந்திருந்தால் அந்தத் தோல் அங்கங்கே கிழியும். கிழிந்த இடத்தில் பூப்பதுதான் அந்த வெள்ளைப் பொடி. கடற்காற்று, மாட்டுக் கொட்டகை, வெள்ளச் சேறு என மூன்றும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

இன்னொரு செய்தியையும் சொன்னார்கள். அலுமினியத்தை மண்ணிலிருந்து மலிவாகப் பிரிக்கும் முறையை 1886இல் அமெரிக்கரான ஹால் என்பவரும் பிரெஞ்சுக்காரரான ஹெரூ என்பவரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில், 1898இல், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். நம் வீட்டு அடுக்களைக்கும் புல்லட்டின் எஞ்சினுக்கும் இப்படி ஓர் உறவு!

இந்த உறவைத் தாத்தா நன்றாகவே அறிந்திருந்தார். கட்டிலில் சாய்ந்தபடியே, "டீசல் தொட்டுப் பிசுக்க எடுங்க. அப்புறம் புளியைக் கரைச்சுப் பூசி, அஞ்சு நிமிஷம் விட்டு, தேங்காய் நாரால தேய்ங்க. உங்க ஆயா அலுமினியக் குண்டானை எப்படிக் கழுவுவா? அப்படித்தான். கம்பி பிரஷ்ஷைத் தொடாதீங்க. உமிச் சாம்பலும் வேணாம், கோடு விழும்" என்றார். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் வெள்ளைப் பூப்பை மெல்லக் கரைக்கும். உலோகத்தை அதிகம் தொடாது.

மெல்ல! அந்தச் சொல்தான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. டைமிங் கவரை மட்டும் புளி போட்டுத் தேய்க்க இரண்டு நாள் ஆயிற்று. அப்படியும் அது கண்ணாடிபோல் மின்னவில்லை. மங்கலான வெள்ளி நிறந்தான் வந்தது. நாட்களோ ஓடுகின்றன. பள்ளி திறப்பதற்குள் முடியுமா என்ற அச்சம் வந்துவிட்டது.

அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவில் சோப்புத் தயாரிப்பார்கள். அதற்கு வாங்கிய காஸ்டிக் சோடா கொஞ்சம் வீட்டில் மிச்சம் இருந்தது. அது எப்பேர்ப்பட்ட பிசுக்கையும் எடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அம்மா வயலுக்குப் போன நேரம் பார்த்து, பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, கையளவு சோடாவைப் போட்டு, கிளட்ச் கவரை அதில் அமிழ்த்தினோம். சோடா விட்டாற்போல் நுரைத்துப் பொங்கியது. "ஆகா, அழுக்கெல்லாம் வருகிறது!" என்று மகிழ்ந்து சாப்பிடப் போனோம்.

பொங்கியது அழுக்கன்று. அலுமினியமே கரைந்து ஹைட்ரஜன் வாயுவாகப் பொங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், மூடி அடுப்புக் கரிபோல் கறுத்திருந்தது. கலப்பு உலோகத்தில் அலுமினியம் கரைந்துபோக, கரையாத மற்றவை கறுப்பாகப் படிந்துவிட்டனவாம். கறுப்பைத் துடைத்தால், அடியில் அம்மைத் தழும்பு போல் சிறுசிறு குழிகள். இளையவளின் விரலிலும் தோல் வெந்து போயிருந்தது. தோழியர் யாரும் அந்தப் பொருளைத் தொட்டு விளையாட வேண்டாம். கண்ணில் தெறித்திருந்தால் என்னாகியிருக்கும் என்று இன்றும் எங்களுக்கு நடுக்கம் உண்டு.

என் செய்வது! யாரிடமும் சொல்லவில்லை. சேமித்து வைத்திருந்த பணத்தில் பாகூர்க் கடையில் வாட்டர் பேப்பர் வாங்கினோம். முதலில் 400ஆம் எண், பிறகு 600, 800, 1000, 1500, 2000. தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒரு தாளால் குறுக்காகவும் அடுத்த தாளால் நெடுக்காகவும், முந்தைய தாளின் கோடுகள் மறையும்வரை தேய்த்தோம். நான்கு நாட்கள். குழிகள் மறைந்தன. குழிகளோடு மூடியில் இருந்த பழைய கீறல்களும் மறைந்தன. ஒரு விரல் நீளத்தில், நடுவே ஆழமாக ஒரு கீறல் இருந்தது. அதை எடுப்பதற்கு மட்டும் ஒரு நாள் பிடித்தது. கடைசியில் மெட்டல் பாலிஷ் போட்டுப் பருத்தித் துணியால் தேய்த்தபோது எங்கள் முகங்களே அதில் தெரிந்தன. அப்பா பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்றார். நாங்கள் செய்த பிழையே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அன்று மாலை அந்த மூடியைத் தாத்தாவின் மடியில் வைத்தோம். அவருக்கு அதன் மினுமினுப்புத் தெரியாது அல்லவா? இரு கைகளாலும் அதைத் தடவினார். மில்லில் முப்பது ஆண்டுகள் இரும்பைத் தொட்டு அளந்த விரல்கள் அவை. ஓரத்தைத் தடவினார். நட்டு இருக்கும் துளையைத் தடவினார். பிறகு கீழ்ப்புறத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார்.

"இங்க ஒரு தழும்பு இருக்குமே கண்ணு?"

"வெள்ளத்து மணல் அரிச்சிருக்கும் தாத்தா" என்று சொல்லிவிட்டோம். எங்களில் யார் முதலில் சொன்னது என்பது வேண்டாம், இருவருந்தான் சொன்னோம்.

"ஓ" என்றார். மூடியை எங்களிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று இரவு நாங்கள் உறங்கவில்லை. ஒருத்தி உறங்குவதாக மற்றொருத்தி நினைத்துக்கொண்டு படுத்திருந்தோம். விடிந்ததும் தாத்தாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்து, சோடாவிலிருந்து வாட்டர் பேப்பர் வரை எல்லாவற்றையும் சொல்லி அழுதோம்.

தாத்தா காபியைக் குடித்து முடித்தார். "தெரியும். ஆத்து மணலுக்கு அவ்வளவு நேராத் தேய்க்கத் தெரியாது" என்றார். பிறகுதான் அந்தத் தழும்பின் கதையைச் சொன்னார்.

1983ஆம் ஆண்டு, ஐப்பசி மழை. வில்லியனூருக்கு அப்பால் இருக்கும் தாய்வீட்டிலிருந்து ஆயாவை அழைத்துக்கொண்டு தாத்தா வந்துகொண்டிருந்தார். ஆயாவின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. அதுதான் எங்கள் அப்பா. வில்லியனூர் ரயில்வே கேட்டில், நனைந்த தண்டவாளத்தின்மேல் சக்கரம் வழுக்கி வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. கிளட்ச் கவர் தண்டவாளத்தில் உராய்ந்தது. ஆயா கீழே விழும்போதும் குழந்தையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஒரு சிராய்ப்புக் கூட இல்லை. ஆயாவின் இடது முழங்கை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று.

"அவ முழங்கையில ஒரு தழும்பு, வண்டியில ஒரு தழும்பு. வண்டிய நிறுத்தறப்பலாம் கை தானா அங்க போவும். அவளோட தழும்பு அவளோடயே போச்சு. இது இருந்துச்சு" என்றார் தாத்தா.

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. இளையவள் மட்டும் விம்மிக்கொண்டே, "அரத்தால அதே இடத்துல போட்டுத் தரட்டுமா தாத்தா?" என்று கேட்டாள். தாத்தா சிரித்துவிட்டார். "நீ போட்டா அது கீறல் கண்ணு. வேணாம், விடு" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

சிறிது நேரம் கழித்து, "கியர் பாக்ஸ் மூடியக் கொண்டாங்க" என்றார். அதைத் தடவி, ஓரிடத்தில் எங்கள் விரல்களைப் பிடித்து வைத்தார். அந்த ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, சற்றே பள்ளமாக இருந்தது. நாற்பது கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கணக்கில் கியர் மாற்றிய அவருடைய வலக்கால் செருப்புத் தேய்த்த இடமாம் அது. "இதுக்குப் புளி போதும். தாள் வேணாம். மேல வந்து உட்கார்ந்ததை எடுங்க. அதோடது எதையும் எடுக்காதீங்க" என்றார்.

அன்று முதல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவர் சொன்னபடியே செய்தோம். ஒரு பாகத்தைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுப்போம். "இன்னும் பூப்பு இருக்கு" அல்லது "போதும்" என்பார். மெக்கானிக் அண்ணன் எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தபின், ஹெட்டின் இதழ்களுக்கிடையே மூங்கில் சிம்பில் துணி சுற்றி, ஒவ்வொரு இடுக்காக வண்டலை எடுத்தோம். புளித்தண்ணீர் தங்கிவிடாமல் நல்ல நீரால் துடைத்து, காயவைத்து, மிக மெல்லிதாக எண்ணெய் தடவினோம். கிராங்க் கேஸ் சொரசொரப்பாகவே இருந்தது. அதன் நிறம் மழைக்கு முந்தின வானத்தைப் போல் இருந்தது. அது மின்னவில்லையே என்று இப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பள்ளி திறப்பதற்கு மூன்று நாட்கள் முன்னதாக வண்டி தயாராயிற்று. அப்பா கிக்கரை உதைத்தார், எஞ்சின் எழவில்லை. தாத்தா கம்பை ஊன்றி வந்து, டீகம்ப்ரஸர் பிடியை எப்போது அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்துக் காட்டினார். நான்காம் உதையில் "டுப், டுப், டுப்" என்று அது பேசத் தொடங்கியது. மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்கள். விற்பதைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு பேசவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள். இடப்பக்க மூடி முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்கிறது. வலப்பக்கம் மங்கலாக இருக்கிறது. "ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டுவிட்டு, மறுபக்கம் போடாமல் விட்டுவிட்டீர்களா?" என்று வினவுகிறார்கள். நல்ல பக்கம் எது என்று அவர்கள் நினைக்கிறார்களோ, அதுதான் நாங்கள் கெடுத்த பக்கம் என்று சொல்கிறோம்.

தோழியரே! உங்கள் வீட்டிலும் பழைய தையல் இயந்திரமோ, வானொலிப் பெட்டியோ, சைக்கிளோ ஒரு மூலையில் இருக்கக்கூடும். துடைத்து வைக்க ஆசைப்பட்டால் நன்றாகத் துடையுங்கள். தாளை எடுப்பதற்கு முன்னால் மட்டும், அதை வைத்துப் புழங்கிய பெரியவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தாத்தாவைப் பின்னால் உட்கார வைத்துப் பாகூர் ஏரிக்கரை வரையில் ஓட்டிச் செல்வார். திரும்பி வந்து இறங்கியதும், தாத்தாவின் இடக்கை தானாகவே குனிந்து அந்த மூடியின் கீழ்ப்புறத்துக்குப் போகும். வழவழப்பாக இருக்கும் அந்த இடத்தை ஒரு தரம் தடவிவிட்டு, எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்.

இரு சகோதரியர்,
11ஆம் வகுப்பு, 9ஆம் வகுப்பு